ஆவணப்படம் பார்த்துத் தேர்வுக்குப் படிப்பது: சில அனுபவக் குறிப்புகள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிபிசி, டிஸ்கவரி, நேஷனல் ஜியோகிராஃபிக் ஆகியவற்றில் வரும் ஆவணப்படங்களைப் பார்க்கும் நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கிடலாமா, அல்லது அதை ஓய்வு நேரத்தில்தான் சேர்க்க வேண்டுமா என்பதே அது. புவியியலை விருப்பப் பாடமாக எடுத்து, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியவன் என்ற முறையில் என் விடையைச் சொல்கிறேன். பாடத்திட்டத்தின் ஒரு பகுதிக்கு அது முழுமையான படிப்பு. மற்றொரு பகுதிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆவணப்படம் ஒரு நிகழ்முறையைக் கண்ணெதிரே காட்டும். அது ஏன் நடக்கிறது, வரைபடத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு என்பவற்றைத் தேர்வு கேட்கும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அன்று மாலையே அட்லஸையும் பாடநூலையும் வைத்துக்கொண்டு கடந்துவிடுபவருக்கு மட்டுமே படம் மதிப்பெண்ணாக மாறும்.

அரசமைப்புச் சட்டக் கூறுகள், பொருளாதாரம், அரசுத் திட்டங்கள், நடப்பு நிகழ்வுகள் ஆகியவற்றுக்குப் புத்தகமும் நாளிதழும் போதும். அங்கே படத்தைத் தேடிப் போக வேண்டாம். இயற்கைப் புவியியல், சுற்றுச்சூழல், அறிவியல், வரலாற்றின் சில பகுதிகள், கட்டுரைத் தாள், நேர்முகத் தேர்வு ஆகியவற்றில்தான் அது உதவும். முதன்மைத் தேர்வின் முதல் பொதுப்பாடத் தாளில், நீர்நிலைகளிலும் பனிப்படலங்களிலும் தாவர விலங்கினங்களிலும் ஏற்படும் மாற்றங்களும் அவற்றின் விளைவுகளும் என்று பாடத்திட்டமே ஒரு தலைப்பை வைத்திருக்கிறது. நல்ல இயற்கைத் தொடர்கள் பலவற்றின் உள்ளடக்கமும் ஏறத்தாழ அதுவே.

எப்படிப் பார்ப்பது என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்து விளக்குகிறேன். 2006-இல் வெளிவந்த பிபிசியின் 'பிளானட் எர்த்' தொடரின் முதல் பகுதியில், கலஹாரியின் புழுதிக்காற்றுக்குள் யானைக் கூட்டம் ஒன்று தண்ணீரைத் தேடி நடந்து ஒகவாங்கோ டெல்டாவை அடைகிறது. நம் கண் யானைக் குட்டியின் மீதே நிற்கும்படி படம் பிடித்திருக்கிறார்கள். தேர்வுக்குப் படிப்பவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, மழையே பெய்யாத பருவத்தில் போட்ஸ்வானாவுக்குள் இவ்வளவு வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அட்லஸைத் திறந்தால் விடை வடமேற்கே இருக்கிறது. தென் அரைக்கோளத்துக் கோடையில் அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை ஆறாகத் திரண்டு, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டைக் கடந்து தெற்கே இறங்குகிறது. நிலத்தின் சாய்வு மிகக் குறைவாக இருப்பதாலும், கோரை மண்டிய கால்வாய்களில் நீர் மெல்லப் பரவுவதாலும், வெள்ளம் டெல்டாவுக்குள் வந்து விரிவதற்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன. ஆகவே உள்ளூரில் வறட்சி கடுமையாக இருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் அங்கே வெள்ளம் உச்சத்தில் நிற்கிறது. அந்த நீர் கடலைச் சேர்வதே இல்லை. பெரும்பகுதி ஆவியாதலிலும் தாவரங்களின் நீராவிப்போக்கிலும் போய்விடுகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்டதும் இந்த டெல்டாதான்.

இப்போது முதல்நிலைத் தேர்வின் வினா எப்படி அமையக்கூடும் என்று பாருங்கள். 'ஒகவாங்கோ ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது', 'அதன் டெல்டாவில் உள்ளூர் மழைக்காலத்திலேயே வெள்ளம் உச்சத்தை எட்டுகிறது' என்று இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, எது சரி என்று கேட்டால், காரணத்தைப் புரிந்துகொண்டவர் இரண்டையும் தவறு என்று தயங்காமல் குறிப்பார். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில் இந்தத் தயக்கமின்மைக்கு விலை அதிகம்.

நான் வைத்திருந்த குறிப்பேட்டில் ஒரு பகுதிக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை. மேலே தொடரின் பெயரும் தயாரிக்கப்பட்ட ஆண்டும். அதன் கீழே ஒரே ஒரு நிகழ்முறை, காரணம் விளைவு என்ற வரிசையில் நான்கைந்து வாக்கியங்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு வரைபடம். கடைசியில் இது எந்தத் தாளின் எந்தத் தலைப்புக்கு உரியது என்ற ஒரு வரி. கடைசி வரியை எழுத முடியாவிட்டால் அந்தப் பகுதி தேர்வுக்கு உதவாது என்று பொருள், ரசித்ததோடு விட்டுவிடலாம். பார்த்துக்கொண்டே எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பின்னணிக் குரலைப் படியெடுக்கத் தொடங்கினால் ஐம்பது நிமிடப் படம் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். எழுதியதில் பாதி வருணனையாக இருக்கும்.

அந்தக் கடைசி வரிதான் பல நேரங்களில் வெளிநாட்டுக் காட்சியை இந்தியாவின் பாடத்தோடு இணைத்தது. 2017-இல் வந்த 'புளூ பிளானட் 2' தொடரின் ஆழ்கடல் பகுதியை எடுத்துக்கொள்வோம். கடல் தரையின் பிளவுகளிலிருந்து வெந்நீர் பீறிடும் இடங்களையும், சூரிய ஒளியே எட்டாத அங்கே செழித்திருக்கும் உயிர்களையும் அது காட்டுகிறது. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கியவர்கள்தான் இத்தகைய உயிர்க்கூட்டத்தை முதன்முதலில் நேரில் கண்டவர்கள். உயிர்வாழ்வு அனைத்தும் இறுதியில் ஒளிச்சேர்க்கையையே சார்ந்தது என்ற எண்ணம் அதன்பின் நிலைக்கவில்லை. ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்களே அங்கே உணவுச் சங்கிலியின் அடி. இதிலிருந்து நடுக்கடல் மலைத்தொடர்களுக்கும், கண்டத்தட்டு நகர்வுக்கும், அங்கே படியும் உலோக சல்பைடுகளுக்கும் போகலாம். அப்படியே வந்தால் 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆழ்கடல் திட்டத்தில் வந்து நிற்போம். அதன் ஒரு பகுதியாக, மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லக்கூடிய மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்குவது சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஒரே காட்சியைக் கொண்டு புவியியல், சுற்றுச்சூழல், அறிவியல் தொழில்நுட்பம் என்ற மூன்று தலைப்புகளுக்கும் 250 சொல் விடைகளைத் தயாரித்துக்கொள்ள முடிந்தது.

தயாரிக்கப்பட்ட ஆண்டை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டேவிட் அட்டன்பரோவின் இயற்கைத் தொடரான 'லைஃப் ஆன் எர்த்' 1979-இல் வந்தது. விண்கல் மோதியே டைனோசர்கள் அழிந்தன என்ற கருதுகோளை ஆல்வாரெஸ் என்ற அறிவியலாளரின் குழுவினர் வெளியிட்டது 1980-இல்; மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்திலுள்ள சிக்சுலூப் பள்ளத்தை அதற்குச் சான்றாக முன்வைத்தது 1991-இல். வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' 1980-இல் ஒளிபரப்பான காலத்தில் புளூட்டோ ஒன்பதாவது கோள். சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995 வரை கண்டறியப்படவே இல்லை. அதே தொடரில், பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் இரண்டு ஊர்களின் நிழல் வேறுபாட்டைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட பகுதி எத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் பழுதில்லாதது. ஏழு பாகைக் கோண வேறுபாடு முழு வட்டத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. ஊர்களுக்கிடையே 800 கிலோமீட்டர் என்றால் சுற்றளவு 40,000. பழைய தொடர்களில் தருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவலைப் புதிய பாடநூலில் சரிபாருங்கள்.

வரலாற்றுத் தொடர்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஜவகர்லால் நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதிய நூலை அடியொற்றி ஷியாம் பெனகல் இயக்கி, 1988-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'பாரத் ஏக் கோஜ்' 53 பகுதிகள் கொண்டது. சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அது நடிகர்கள் நடித்த நாடகம். அதோடு 1940-களின் வரலாற்றுப் பார்வையை 1980-களில் சொன்னது. 2015-க்குப் பிறகு பேசப்படும் கீழடிச் சான்றுகளை அதில் தேட முடியாது. பெனகலே 2014-இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காக இயக்கிய பத்துப் பகுதித் தொடரான 'சம்விதான்' தேர்வுக்கு இன்னும் நெருக்கமானது. அரசமைப்புப் பேரவையில் யார் எதை எதிர்த்தார், எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் முகங்களோடு மனத்தில் தங்கும். அதைப் பார்த்தபின் பேரவை விவாதங்களின் மூலப் பதிவில் ஓரிரு நாள் உரைகளையாவது படித்துவிட வேண்டும். வரைவின் சுமை முழுவதும் கடைசியில் அம்பேத்கர் ஒருவர் மீதே விழுந்தது என்று வரைவுக் குழு உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று பேசியதை மேற்கோளாக எழுதும்போது, அதைப் பேரவையின் பதிவிலிருந்து எடுத்திருந்தால் விடைக்கு வேறு எடை வந்துவிடும்.

நாடுகாண் பயணங்களைப் பற்றிய படங்கள் கட்டுரைத் தாளுக்கும் அறவியல் தாளுக்கும் நல்ல தீனி. ஆனால் 1915-இல் அண்டார்டிகப் பயணத்தில் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியும் பயணத் தலைவர் ஷாக்கிள்டன் தம்மோடு வந்தவர்களை உயிரோடு மீட்டார் என்பதைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகக் காட்டாத பயிற்சி மையமே இல்லை எனலாம். அந்த அளவில் நிறுத்தினால் திருத்துபவருக்கு அலுப்புத்தான் மிஞ்சும். 2022 மார்ச்சில் அந்தக் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட முழு உருவில் கண்டெடுக்கப்பட்டது. மரத்தைத் துளைக்கும் புழுக்கள் அண்டார்டிகாவின் குளிர்ந்த கடலில் இல்லாததால்தான் அது அழியாமல் இருந்தது. அங்கிருந்து 1959-இன் அண்டார்டிக் ஒப்பந்தம், 1983-இல் இந்தியா அதில் இணைந்தது, அங்குள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்கள், 2022-இன் இந்திய அண்டார்டிக் சட்டம் என்று பத்தி தானாக விரியும்.

படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1958-இல் வந்து ஆஸ்கர் பெற்ற டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெம்மிங் எலிகள் கூட்டமாகப் பாறையிலிருந்து விழுந்து சாகும் காட்சி, படக்குழுவினரே செயற்கையாக உருவாக்கியது. கனடாவின் சிபிசி தொலைக்காட்சி அதை 1982-இல் அம்பலப்படுத்தியது. 2011-இன் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் வளைக்குள் பிறக்கும் காட்சி நெதர்லாந்தின் விலங்குக் காட்சியகம் ஒன்றில் எடுக்கப்பட்டது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். முன்னது பொய். பின்னதை, கருவுற்ற கரடியைக் காட்டில் தொந்தரவு செய்யாமல் உண்மையைக் காட்டும் முயற்சி என்று ஏற்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு அதைப் படத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த வேறுபாடு அறவியல் தாளுக்கு நேராகப் பொருந்துகிறது.

நேர அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல்நிலைத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களில் படங்களை அடியோடு நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை மட்டும் புரட்டலாம். தமிழில் எழுதுபவர்கள் மொழிமாற்றப் படங்களின் சொற்களை அப்படியே எடுக்காமல், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல் நூல்களின் சொற்களையே விடையில் எழுதுவது பாதுகாப்பானது.

கடைசியாக நேர்முகத் தேர்வு. 275 மதிப்பெண் கொண்ட அந்தத் தேர்வுக்கான விரிவான விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் ஆவணப்படம் பார்ப்பது என்று எழுதுபவர்கள் பலர். நானும் எழுதியிருந்தேன். பிடித்த தொடர் எது என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று படம்பிடித்த கரடியின் காலடி ஓசை எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அத்தகைய ஓசைகள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்படுபவை, பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவு நிரப்பிய பையை அழுத்துவது வழக்கம் என்றேன். அப்படியானால் அதை ஆவணம் என்று அழைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்ன லெம்மிங், கரடி இரண்டையும் வைத்து விடை சொன்னேன். காட்டுயிர்ப் படக்குழுக்களுக்குப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் அனுமதி தருவீர்களா, எந்த நிபந்தனைகளோடு என்று மூன்றாவதாக வந்தது. இப்படிப் பொழுதுபோக்கிலிருந்து நிர்வாகத்துக்கு நகரும் கேள்விகளுக்கு நான்கைந்து விடைகளையாவது தயாராக வைத்துக்கொள்ள இயலாதவர், அந்த இடத்தில் வேறொன்றை எழுதுவது நல்லது.