ஹோட்டல் கலிஃபோர்னியா தினமும் கேட்கிறது, பரமேஷ்-கோணேஷ் எப்போது கேட்கும்?

கிளாசிக் ரொக் நேரம் என்று சொல்லி ஓர் ஆங்கில எஃப்எம்மில் எழுபதுகளின் ரொக் குழுக்களான டீப் பர்ப்பிளுக்கும், 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாடிய ஈகிள்ஸுக்கும் நடுவில், தொண்ணூறுகளின் குழுவான நிர்வாணாவைப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற அண்ணருக்கு, ஐம்பதைத் தாண்டியவர், அது துண்டாகப் பிடிக்கவில்லை. "இது நாங்கள் ஏஎல் படிக்கேக்க வந்த பாட்டடா, இதைப் போய் ஆரும் கிளாசிக் எண்டு சொல்லுவினமோ?" என்று கேட்டார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' இசைத்தொகுப்பு வந்தது 1991 செப்டெம்பரில். இன்றிலிருந்து அதற்கு எவ்வளவு தூரமோ, 1991இலிருந்து அவ்வளவு தூரம் பின்னால் போனால் எல்விஸ் பிரெஸ்லி காலத்தில் போய் நிற்போம். அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில்கூட முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு ஆனால்தான் ஒருவரைச் சேர்ப்பது பற்றியே யோசிப்பார்கள், நிர்வாணாவை 2014இலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே வயதுக் கணக்கில் சரிதான்.

ஆனால் இந்தப் பேச்சு என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. ஒரு பாட்டை 'கிளாசிக்' ஆக்குவது வயது மட்டும் என்றால், அதே வயதுள்ள எத்தனையோ பாட்டுகள் ஏன் வானொலிக்கு வெளியிலேயே நிற்கின்றன? குறிப்பாக எங்கள் திருகோணமலைப் பாட்டுகள், பரமேஷ்-கோணேஷ் சகோதரர்களின் பாட்டுகள்?

முதலில் கிளாசிக் ரொக் என்ற சாமான் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஒரு இசை வகையாகப் பிறக்கவில்லை, வானொலிக்காரர்கள் வியாபாரத்துக்காகக் கட்டிய ஒரு பெட்டியாகத்தான் பிறந்தது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய நகரங்களில் ஏஎம்மில் போவதையே நாள் முழுக்க எஃப்எம்மிலும் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் அது. எஃப்எம்மை நிரப்ப ஏதாவது வேண்டும். அப்படித்தான் நீளமான பாட்டு, முழு இசைத்தட்டு, அறிவிப்பாளர் தன் விருப்பத்துக்குப் போடுவது என்று ஒரு பழக்கம் வளர்ந்தது. லெட் செப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' 1971இல் வந்த எட்டு நிமிடப் பாட்டு, அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதைத் தனி இசைத்தட்டாகக் கடைக்கு விடவே இல்லை, அப்படியிருந்தும் அந்த நாட்டில் அதைத் தெரியாத ஆள் இல்லை என்றால் எஃப்எம் செய்த வேலைதான். பிறகு எண்பதுகளின் நடுப்பகுதியில் ஃப்ரெட் ஜேக்கப்ஸ் போன்ற வானொலி ஆலோசகர்கள், புதுப் பாட்டு ஒன்றும் வேண்டாம், அந்தப் பழைய பாட்டுகளை மட்டும் போடும் நிலையங்களை நடத்தலாம் என்று காட்டினார்கள். பெயர் அப்போதுதான் நிலைத்தது.

எந்தப் பாட்டு உள்ளே, எது வெளியே என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒரு மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி, நூற்றுக்கணக்கான பாட்டுகளின் சில செக்கன் துண்டுகளை வரிசையாகப் போட்டு, பிடிக்குமா, தெரியுமா, சலித்துவிட்டதா என்று புள்ளி போடச் சொல்வார்கள். கூப்பிடும் ஆட்கள் பெரும்பாலும் விளம்பரக்காரர்கள் தேடும் வயதுக்காரர்கள், 25இலிருந்து 54 வரை என்பது அங்கே வழக்கமான கணக்கு. அந்த வயது அப்படியே இருக்கும், ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே போவார்கள். ஆகவே நிர்வாணா உள்ளே வந்தே தீரும். அண்ணரின் கவலை எனக்கு விளங்குகிறது, ஆனால் அவரையும் அவர் வயதுக்காரரையும் பிடித்து வைத்திருக்கத்தான் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள்.

உள்ளே வருவது இப்படி. வெளியே நிற்பதைப் பாருங்கள். ஸ்டீவி வொண்டரின் சிறந்த இசைத்தொகுப்புகள் 1972க்கும் 1976க்கும் இடையில் வந்தவை, கிளாசிக் ரொக் நிலையங்கள் அதிகம் சுழற்றும் அதே ஆண்டுகள். கறுப்பினக் குழுவான ஃபங்கடெலிக்கில் எடி ஹேசல் 1971இல் வாசித்த கிட்டாரைக் கேட்டவர் எவரும் அது ரொக் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் அந்த நிலையங்களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைத் தவிரக் கறுப்பினக் கலைஞர்களைக் கேட்பது மிக அரிது. வயது ஒன்று, நாடு ஒன்று, கருவிகூட ஒன்று, பெட்டிதான் வேறு. பழையது என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது, அந்தத் தேர்வைச் செய்தவர் யார் என்று கேட்காமல் நாம் தலையாட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

அமெரிக்க நிலையங்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் உண்டு. டெட்ரொய்ட்டில் பொப் சீகரை மற்ற ஊர்களைவிட அதிகம் போடுவார்கள், அவர் அந்த ஊர்ப் பிள்ளை. பொஸ்டனில் ஏரோஸ்மித்தும் ஜே கைல்ஸ் பேண்டும் சொந்தப் பிள்ளைகள். கிளீவ்லண்டில் மைக்கல் ஸ்டான்லி பேண்ட் என்று ஒரு குழு, வெளியூரில் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது, அங்கேயோ தலைமுறையாகக் கேட்கிறார்கள். ஊர் வானொலி என்றால் ஊர்ப் பாட்டுக்கு ஒரு இடம் இருக்க வேண்டும், அது நாடு முழுக்க வென்றதா தோற்றதா என்று பார்க்கத் தேவையில்லை. இந்தக் கணக்கைத் திருகோணமலைக்கு வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் காலையில் எழுந்து வானொலியைத் திருப்பினால் சூரியன், சக்தி, வெற்றி என்று பல தமிழ் எஃப்எம்கள் இழுக்கும். இந்தப் பெரிய நிலையங்கள் கொழும்பில் இருந்து நாடு முழுக்கப் போகின்றன. அலைவரிசை எண் மட்டும்தான் எங்கள் ஊருக்குரியது. சிங்கள, ஆங்கில நிலையங்களும் அப்படித்தான். ஒலி பரப்புவதற்கு வசதி இல்லாத ஊரா என்றால் அதுவும் இல்லை, ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல எண்பதுகளில் இங்கே பெரிய மறுஒலிபரப்பு நிலையம் கட்டி, ஆசியாவுக்கெல்லாம் எங்கள் மண்ணிலிருந்துதான் குரல் அனுப்பியது, பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கோபுரம் இருந்தது, மின்சாரம் இருந்தது, எங்கள் பாட்டு மட்டும் அதில் ஏறவில்லை.

தமிழ் எஃப்எம்களில் கிளாசிக் ரொக்குக்குச் சமமான பெட்டி எது என்றால், இடைக்காலப் பாடல்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு கொழும்பு பஸ்ஸில் ஏறியவர் எல்லாருக்கும் அது என்ன என்று தெரியும். இளையராஜா, அதற்குச் சற்று முன்னால் எம்.எஸ்.வி.யின் கடைசிக் காலம், இப்போது தொண்ணூறுகளின் ரஹ்மானும் தேவாவும்கூட உள்ளே வந்துவிட்டார்கள். 'அன்னக்கிளி' 1976, 'ரோஜா' 1992. நிர்வாணா உள்ளே வந்த அதே விதத்தில்தான் 'ரோஜா'வும் உள்ளே வந்தது. நான் இந்தப் பாட்டுகளுக்கு எதிரி இல்லை, இளையராஜா இல்லாத இரவுப் பயணத்தை என்னால் நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது எல்லாம் இந்தியச் சினிமா. ஒரு நாள், ஒரு கிழமை, ஒரு மாதம் கேட்டாலும் எங்கள் நாட்டில் எழுதி, இசையமைத்து, பாடிய ஒரு பழைய பாட்டு சும்மா சாதாரணமாக, நடுவில், அறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்து போவது அபூர்வம். வந்தால் சுதந்திர தினத்துக்கோ, பாடியவர் காலமான செய்தியோடோ வரும். எங்கள் பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது அந்த ஓரிரு நாட்கள் 'சுராங்கனி' எல்லா இடமும் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

எங்கள் பொப்பிசை கொடிகட்டிப் பறந்த எழுபதுகளை யோசித்துப் பார்த்தால் மனம் பொங்குகிறது. நித்தி கனகரத்தினம் சின்ன மாமியைக் கூப்பிட்டுப் பாடியதும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று கிட்டாரோடு புத்தி சொன்னதும், மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து மேடையைக் கிளப்பியதும், இராமச்சந்திரன், ஸ்டான்லி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று ஒரு வரிசையே பொப்பிசை பாடியதும் டீப் பர்ப்பிளும் லெட் செப்பலினும் உச்சத்தில் இருந்த அதே காலம். அந்தக் காலம் ஏன் அப்படி மலர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் பொருளாதாரம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகளுக்கும் அதே கதி. அந்த இடைவெளியில் உள்ளூர் நாவல் விற்றது, உள்ளூர்த் தமிழ்ப் படம் எடுத்தார்கள், பாட்டும் அப்படித்தான். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, கசெட்டுகள் வந்து குவிந்தன, 1983க்குப் பிறகு மற்றது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு தனி உரிமை இருக்கிறது. எம்.பி. பரமேஷும் அவர் தம்பி எம்.பி. கோணேஷும் எங்கள் ஊர். 'உனக்குத் தெரியுமா நான் உன்னை நினைப்பது' என்ற பரமேஷின் பாட்டு, ஈழத்துத் தமிழ்க் கலைஞர் ஒருவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு என்று பேசப்படுவது. அது வந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ரொக்கா என்றால் ரொக் இல்லை, மெல்லிசை, இனிமையாகப் போகும் காதல் பாட்டு. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஈகிள்ஸின் பாதிப் பாட்டும் மெதுவான பாட்டுத்தான். கோயில் திருவிழா இரவுகளில் இசைக்குழுக்களைக் கேட்டு வளர்ந்த ஒரு ஊரில், கடலைச் சுற்றிப் பறங்கியரின் ஆட்டப் பாட்டுகளான கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் கேட்ட ஒரு ஊரில், 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஒரு துறைமுகத்தில் இப்படி ஒரு பாட்டுக்காரர் வந்தது ஆச்சரியமே இல்லை. அவரை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மாலையில் நடந்து பாருங்கள். ஒரு விடுதியில் பொப் மார்லி, அடுத்ததில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', கிட்டாரோடு பாடுவது எங்கள் ஊர்த் தம்பிமார்தான். நல்லாய் வாசிக்கிறார்கள், உண்மையாகவே நல்லாய். அவர்களில் ஒருவரோடு கதைத்தபோது ஈழத்துப் பொப்பிசை தெரியுமா என்று கேட்டேன். 'சுராங்கனி' தெரியும் என்றார், அதுவும் ஒரு தமிழ்ப் படத்தில் வந்த பாட்டு என்று. படத்தில் வந்தது உண்மைதான், 1977இல். ஆனால் அது எங்கிருந்து அங்கே போனது என்று அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. வானொலியில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பரமேஷின் பாட்டை எனக்குத் தெரிந்த மட்டும் பாடிக் காட்டினேன், தம்பி உடனே சுருதியைப் பிடித்துவிட்டார், அடுத்த நாளே அதை மேடையில் பாடலாம் போல இருந்தது.

வானொலிக்காரர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: நேயர்கள் கேட்பதில்லை, விளம்பரம் வராது, பாட்டின் நல்ல பிரதி கையில் இல்லை. முதல் இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். கேட்காத பாட்டை யாரும் விரும்பிக் கேட்க முடியாது. பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் இலங்கை வானொலியில் இருந்த காலத்தில் தமிழ்நாட்டின் கரையோரமே அந்த நிகழ்ச்சிகளுக்குக் காத்திருந்தது, நேயர் ரசனை ஒரு அறிவிப்பாளர் வளர்த்தெடுக்கும் விஷயம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கிளீவ்லண்டுக்காரர் தங்கள் ஊர்க் குழுவை விளம்பரத்தோடுதான் போடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் மட்டும் உண்மை, பாரமான உண்மை. இசைத்தட்டு வைத்திருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், வீடுகள் எரிந்தன, 2004இல் கடல் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனது. இப்போது இணையத்தில் இருக்கும் பல பிரதிகள் கசெட்டிலிருந்து கசெட்டுக்கு ஏற்றியவை, எஃப்எம்மில் ஒரு புதுப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அமுங்கித்தான் கேட்கும்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஞாயிறு பின்னேரம் என்றால் நல்லது. தொடக்கத்திலேயே பரமேஷ், பிறகு நித்தி, பிறகு மனோகரனின் அதிகம் கேட்காத ஒரு பாட்டு, நடுவில் எஸ்.கே. பரராஜசிங்கத்தின் மெல்லிசை, பிறகு மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் ஒரு பைலா, வேண்டுமானால் அதே ஆண்டில் வந்த ஒரு டீப் பர்ப்பிளையும் பக்கத்தில் வையுங்கள், ஒரே காலத்துப் பாட்டுகள் என்று காதுக்கே விளங்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். இதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் எந்த அறிவிப்பாளரும் நாளைக்கே தொடங்கலாம்.

வீட்டில் பழைய இசைத்தட்டு, கசெட், ஸ்பூல் வைத்திருப்பவர்கள் இருந்தால், குறிப்பாக ஓர்ஸ்ஹில், டைக் வீதிப் பக்கத்துப் பழைய குடும்பங்கள், தயவுசெய்து யாருக்கும் இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஊசி வைத்து ஓட்டிப் பார்க்கவும் அவசரப்பட வேண்டாம், தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது, அவர்களோடு கதைக்கலாம், அல்லது எனக்கு எழுதுங்கள், ஒலிப்பதிவு தெரிந்த ஆளோடு நான் வருகிறேன். தட்டு உடைந்திருந்தாலும் உறையை வைத்திருங்கள். பாடியவர் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பின்னால் மேளம் அடித்தவர், கிட்டார் வாசித்தவர் பெயர் அந்த அட்டையில் மட்டும்தான் இருக்கும்.