வெளிச்சம் கூடினால் த்ராம்பின் என்று நம்பிவிடாதீர்கள்

ரத்தம் உறையக் காரணமான புரதம் த்ராம்பின். 1992-இல் வெளியான அதன் ஆப்டமர், அதாவது அதைத் தேடிப் பற்றும் இழை, வெறும் 15 எழுத்து டிஎன்ஏ: ஜிஜிடிடி ஜிஜிடிஜிடி ஜிஜிடிடி ஜிஜி. ஜி-க்கள் நான்கு நான்காகக் கூடி இரண்டு அடுக்காக மடியும். அந்த மடிப்பை இறுக்கிப் பிடிப்பது பொட்டாசியம். இந்த ஆப்டமரை வைத்து த்ராம்பினை அளக்கும் சென்சார் கட்டுகிறவரின் தலைவலியும் அதுவே.

ஆப்டமரின் 5' முனையில் ஐந்தாறு எழுத்து வால் வைத்து, நுனியில் ஃபாம் என்ற ஒளிரும் சாயம் கோக்கிறோம். வாலோடும் ஆப்டமரின் முதல் சில எழுத்துகளோடும் ஒட்டும் குட்டி இழையின் 3' முனையில், அந்த ஒளியை அணைக்கும் டேப்சில். ஒட்டியிருக்கும்வரை ஃபாம் அணைந்திருக்கும். த்ராம்பின் ஆப்டமரைப் பற்றினால் குட்டி இழை கழன்று வெளிச்சம் வரும்.

ஆனால் பொட்டாசியமும் தனியாகவே ஆப்டமரை மடக்கும். பொட்டாசியம் இல்லாத பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) குட்டி இழையின் நீளத்தை முடிவு செய்துவிட்டு, சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவத்தை) ஊற்றியதும் துள்ளும் சிக்னலைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாந்தோம். சீரத்தில் பொட்டாசியம் 4 மில்லிமோலார் அளவில் இருக்கிறது. எனவே 20 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4, சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம், மெக்னீசியம் தலா 1 மில்லிமோலார் என்ற பஃபரிலேயே 9 முதல் 13 எழுத்துவரை குட்டி இழைகளைச் சோதியுங்கள். குட்டையானால் த்ராம்பின் இல்லாத வெற்றுக் கிணறே (அளக்கும் பிளேட்டின் குழியே) ஒளிரும். நீண்டால் த்ராம்பினால் கழற்ற முடியாது.

ஃபாம் இழை 100 நானோமோலார், குட்டி இழை 200. இரண்டையும் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, அறை வெப்பத்துக்கு மெல்ல ஆறவிடுங்கள். கருப்பு பிளேட்டில் கிணற்றுக்கு 100 மைக்ரோலிட்டர். த்ராம்பின் சேர்த்து 30 நிமிடம் கழித்து, 490-இல் தூண்டி 520 நானோமீட்டரில் அளக்கலாம்.

சில நானோமோலார் த்ராம்பின் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். த்ராம்பின் அளவுக்கு எதிராக வெளிச்சத்தைக் குறித்த அளவீட்டுக் கோட்டின் அடிப்பகுதி படுத்துக்கிடந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், சுவரை முன்கூட்டியே மூடிவிடும் பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதம் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பெரும்பாலும் போதும். த்ராம்பின் சிட்ரேட்டிலோ கிளிசராலிலோ வந்தால், புரதமில்லாத அதே கரைசலை பிளாங்க்காக (ஒப்பிட்டுக் கழிக்கும் வெற்று மாதிரியாக) வையுங்கள். பிஎச் 7-க்குக் கீழே இறங்கினால் ஃபாம் மங்கும்.

சீரத்தில் வெளிச்சம் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் நியூக்ளியேஸ் என்ற நொதி இழையை வெட்டுகிறது என்று கொள்ளலாம். குட்டி இழை ஒட்டும் பகுதியை விட்டுவிட்டு, மீதியில் சில ஜி-க்களை டி-யாக மாற்றிய இழையை அதே சீரத்தில் பக்கத்துக் கிணற்றில் வையுங்கள். அதுவும் ஏறினால் அந்த ஏற்றம் த்ராம்பினுடையது இல்லை. அந்த நொதிக்குத் தேவையான உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 10 மில்லிமோலார் சேர்த்தால் வெட்டு பெரும்பாலும் நிற்கும், பொட்டாசியத்தை அது தொடாது.

பிளாஸ்மாவில் (உறையாத ரத்தத்தின் திரவப் பகுதியில்) இன்னொரு சிக்கல்: த்ராம்பினில் இந்த ஆப்டமர் பிடிக்கும் இடத்தைத்தான், உறையும் புரதமான ஃபைப்ரினோஜனும் பிடிக்கும். போட்டியில் சிக்னல் குறையும். உறைந்துவிட்டால் கலங்கலே ஒளியைச் சிதறடிக்கும். பஃபரில் போட்ட கோட்டை அங்கே பயன்படுத்தாதீர்கள். தெரிந்த அளவு த்ராம்பினை அதே மாதிரியில் சேர்த்து எவ்வளவு திரும்ப வருகிறது என்று பாருங்கள்.