சீட்டில் தொலைந்த 'சமா'

ஜப்பானில் சைதாமா மாகாணத்தில் இருக்கும் ஒரு கிடங்குக்கு டெலிவரி சீட்டு அச்சிடும் மென்பொருளைச் சென்னையிலிருந்து எழுதிக்கொடுத்தோம். 80 மில்லிமீட்டர் தெர்மல் பேப்பர். மேலே வாங்குபவர் பெயர், கீழே பொருள்கள், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்; இரண்டரை மாதம் இழுத்தது. இதே வேலையில் இறங்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது, பிரின்டரில் வெறும் குப்பை. பழைய பாமினி கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். திரைக்கு எழுத்து வடிவத்தைக் கணினியில் உள்ள எழுத்துரு தருகிறது. ரசீது பிரின்டரோ தன் சில்லுக்குள் பதித்திருக்கும் வடிவங்களை எடுத்துத் தாளில் போடுகிறது. நாம் அனுப்புவது எண்களை மட்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதற்குப் பல முறைகள் உண்டு. நாங்கள் யூடிஎஃப்-8 முறையில் எண்களை அனுப்பினோம், பிரின்டருக்குத் தெரிந்ததோ ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய முறை. அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் 1சி 43 01 (பைட்டுகளை இப்படிப் பதினாறடிமான எண்ணில் எழுதுவது வழக்கம்) என்ற மூன்று பைட் கட்டளையை முன்னால் சேர்த்தேன். அப்போதும் குப்பைதான். எங்கள் அலுவலகத்தில் இருந்தது வெளிநாட்டு மாடல், அதன் சில்லில் காஞ்சி என்ற, சீனத்திலிருந்து வந்த எழுத்தே கிடையாது என்று தெரியவர நான்கு நாள் ஆயிற்று. ஜப்பான் மாடலை வரவழைத்த பிறகுதான் வேலை தொடங்கியது என்றே சொல்லலாம்.

ஒரு பைட்டில் 256 மதிப்புகள்தான் அடங்கும். ஜப்பானின் எழுத்துப் பட்டியலான ஜிஸ் எக்ஸ் 0208 தரத்திலோ 6,879 எழுத்துகள், அவற்றில் 6,355 காஞ்சி. அதனால் எழுத்துக்கு இரண்டு பைட். தாளிலும் அதே கணக்குதான்: வரிக்கு 576 புள்ளி, ஆங்கில எழுத்துக்கு 12, காஞ்சிக்கு 24. ஆக, ஒரு வரியில் 48 ஆங்கில எழுத்து அல்லது 24 காஞ்சி. அரை அகலத்தை அவர்கள் ஹன்காகு என்கிறார்கள், முழு அகலத்தை ஜென்காகு.

இந்த ஒழுங்கை நம்பித்தான் மோசம் போனேன். பெயருக்கு 20 பைட் ஒதுக்கி, மீதியை வெட்டிவிட்டு, அதன் பின் 'சமா' என்ற மரியாதைச் சொல்லை ஒட்டினேன். ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் சரியாக வந்தன. நீளமான பெயர் ஒன்று வேண்டும் என்று சோதனைக்கு 'சுப்பிரமணியன் ராமகிருஷ்ணன்' என்பதைக் கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய ஒலியெழுத்தில், போட்டேன். 'சமா' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம், அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'எல்'.

தாளை எடுத்து ஒவ்வொரு பைட்டாக எழுதிப் பார்த்தேன். சுப்பிரமணியனுக்கு ஏழு எழுத்து, 14 பைட். நடுவில் ஹன்காகு இடைவெளி ஒன்று, 15. 'ரா', 'மா' சேர்ந்து 19. இருபதாவது பைட் 'கு'வின் முதல் பாதியான 83. அங்கே வெட்டு விழுந்தது. 'சமா'வின் எண் 97 6சி. துணையில்லாமல் நின்ற 83, அடுத்து வந்த 97-ஐத் தன் மறுபாதியாக இழுத்துக்கொண்டது. 83 97 என்று எந்த எழுத்தும் இல்லை, அதனால் வெற்றிடம். மிஞ்சிய 6சி தனியாக நின்றால் ஆங்கில 'எல்'. ஒரே ஒரு அரை அகல இடைவெளி, ஒருவருக்குத் தர வேண்டிய மரியாதையைத் தின்றுவிட்டது. அதன் பின் பைட்டை எண்ணி வெட்டுவதையே விட்டேன். எல்லாவற்றையும் யூனிகோடிலேயே வைத்து, எழுத்து எழுத்தாக அகலம் கூட்டி வெட்டி, பிரின்டருக்குப் போகும் கடைசிப் படியில் மட்டும் ஷிஃப்ட்-ஜிஸ் ஆக்கினேன்.

நல்லவேளை, அடுத்த சிக்கலும் அதிலேயே தீர்ந்தது. 'சோஸு' என்று எழுதிய சோஸ் பாட்டில், சீட்டில் 'மெ[ஸு' என்று வந்துகொண்டிருந்தது. 'சோ'வின் இரண்டாம் பைட் 5சி. ஆங்கிலக் கணக்கில் அது பின்சாய்வுக் கோடு. சீட்டைக் கோக்கும் பழைய நிரல் அதைக் கட்டளைக் குறி என்று எடுத்து விழுங்க, பின்னால் இருந்த பைட்டுகள் ஒவ்வொரு இடம் முன்னால் நகர்ந்து புதிதாக ஜோடி சேர்ந்துவிட்டன.

அப்புறம் வந்ததுதான் தாகாஹஷி. இந்தக் குடும்பப் பெயரில் வரும் 'தாகா'வை இரண்டு விதமாக எழுதுவார்கள். சாதாரண வடிவத்தின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இன்னொன்றில் அந்த இடத்தில் ஏணி போல இரண்டு கால்கள், அதனால் பெயரே ஏணி தாகா. ஏணி வடிவம் ஜிஸ் எக்ஸ் 0208-இல் இல்லை. ஜாவா நிரல்மொழியில் ஷிஃப்ட்-ஜிஸ் என்று கொடுத்தால் கேள்விக்குறிதான் வரும். அதன் விரிந்த வடிவமான விண்டோஸ்-31ஜே என்று மாற்றியதும் எண் கிடைத்தது, ஆனால் எங்கள் பிரின்டர் சில்லில் வடிவம் இல்லை. சாதாரண தாகாவையே போட்டுவிடலாமா என்று கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மாவைக் கேட்டோம். "அது வேறு வீட்டுக்காரர் பெயர்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் பெயரில் ழகரத்தை ளகரமாக எழுதினால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிரின்டரிலேயே புது எழுத்து வரைந்து ஏற்ற ஒரு வழி உண்டு. 24க்கு 24 கட்டம், ஒரு நெடுவரிசைக்கு மூன்று பைட், மொத்தம் 72. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, பென்சிலால் ஏணியை வரைந்து ஏற்றினேன். வேறு அரிய எழுத்து வந்தால், பெயர் வரியை மட்டும் சர்வரில் படமாக்கி அனுப்ப ஏற்பாடு செய்தேன். அதிலும் ஒரு சிக்கல். அப்படிப் படமாகப் போன ஒரு பெயரில் இருந்த 'நாவோ'வைப் பார்த்துவிட்டு, "இது சீன எழுத்து போல இருக்கிறதே" என்றார் அந்த அம்மா. யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் அந்த எழுத்துக்கு ஒரே எண்தான். எழுத்துருதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஜப்பானில் இடப்பக்கக் கோடு கீழே இறங்கி, மூலையில் வளைந்து அடிக்கோடாக ஓடும். சீன வடிவத்தில் அந்த வளைவு இல்லை. சர்வர் தானாகச் சீன எழுத்துருவை எடுத்திருந்தது. நோட்டோ சான்ஸ் ஜேபி என்ற ஜப்பானிய எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்ட பிறகு சரியாயிற்று.

ஏணி தாகாவின் முதல் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், இடது காலில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. ஒன்பதாவது நெடுவரிசையைத் திருத்தி அன்று இரவே அனுப்பினேன். மறுநாள் காலை வந்த படத்தில் ஏணியின் இரண்டு காலும் முழுசாக இருந்தன, பக்கத்தில் 'சமா'வும்.