மரச்செக்கு வார்ம் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? கன்மெட்டலைச் சூடாக்கிப் பார்த்த கதை

வீட்டு மரச்செக்குக்காகப் பழைய இரும்புக் கடையில் எடுத்த 40:1 வார்ம் கியர்பாக்ஸைப் (திருகு மாதிரித் தண்டான வார்ம் 40 சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்) பிரித்தாகிவிட்டது. டிரெயின் பிளக்கைத் திறந்ததும் கந்தக நெடி, ஆயிலை விரலில் தேய்த்தால் தங்கப்பொடி மாதிரி மினுமினுப்பு, காந்தம் வைத்தால் எதுவும் ஒட்டவில்லை. அப்படியென்றால் தேய்வது ஸ்டீல் வார்ம் இல்லை, கன்மெட்டல் (செம்பு அதிகமுள்ள வெண்கல வகை) சக்கரம். பல்லின் மேல் கரும்பழுப்புப் படலம், அது உரிந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

நெடியை வைத்துப் பார்த்தால் முன்பு ஓட்டியவர்கள் லாரி டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலைத்தான் ஊற்றியிருக்க வேண்டும். அதிலுள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம், அழுத்தமும் சூடும் ஏறும்போது ஸ்டீலோடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். லாரிக்கு அது வரம். ஆனால் செம்பு கந்தகத்தை விடாது. வார்மில் பல் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம், மோட்டாரின் சக்தியில் கணிசமான பங்கு சூடாகவே போகிறது, அந்தச் சூட்டில் செம்பு சல்ஃபைடாகக் கறுத்து உரசலில் உரியும், அடியில் புது உலோகம் வெளியே வரும், அதையும் கந்தகம் பிடித்துக்கொள்ளும்.

சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று, ஆயில் செம்பை அரிக்கிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் டி130 சோதனையை வீட்டளவில் செய்தேன். முறையான சோதனையில் மெருகேற்றிய செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில், வழக்கமாக 100 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, 1ஏ முதல் 4சி வரையான நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். நான் உப்புத்தாள் போட்ட கன்மெட்டல் துண்டையும் வயரிங் செம்புக் கம்பியையும் கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினேன். குப்பியை இறுக மூடக் கூடாது, ஆயிலுக்குள் தண்ணீர் சொட்டவும் கூடாது.

ஜிஎல்-5 குப்பியில் செம்பு மயில் கழுத்து நிறத்துக்குப் போனது, கன்மெட்டல் பழுப்பேறியது. அந்தச் சேர்மானம் குறைவாக உள்ள ஜிஎல்-4-இல் லேசான ஆரஞ்சு. விஜி 460 (விஜி என்பது ஆயிலின் கெட்டித்தன்மை எண்) காம்பவுண்டட் வார்ம் ஆயிலில் போட்டது போட்டபடி இருந்தது. இதில் ஒன்று சொல்ல வேண்டும்: இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் பல இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் பல் உரசும் புள்ளியில் சூடு குப்பியைவிட மிக அதிகம், அதனால் தேறியது என்பதற்காக மட்டும் நான் அதை ஊற்ற மாட்டேன்.

காம்பவுண்டட் ஆயிலில் இருப்பது மினரல் ஆயிலோடு சிறிதளவு கொழுப்பு. அது உலோகத்தை அரிக்காமல் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வழுக்கலைக் கொடுக்கிறது. பின்னச்சில் வார்ம் டிரைவ் இருந்த பெஜோ 404 காருக்கு ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயில் போட்டதும் இதே காரணத்தால்தான். அதற்காகக் கடை விளக்கெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் பிசினாகிவிடும். கெட்டித்தன்மைக்கு எஸ்ஏஇ என்று இன்னொரு எண்முறையும் உண்டு; எஸ்ஏஇ 90-ஐயும் விஜி 460-ஐயும் ஒரே அளவுகோல் என்று நினைக்கவும் வேண்டாம்; 460-க்குப் பக்கத்தில் வருவது எஸ்ஏஇ 140.

அப்புறம் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் சீல் மாற்றி, பல் எங்கே தொடுகிறது என்று பார்க்கப் புளூ மை தடவி, வார்ம் பல்லை விட்டு வெளியேறும் பக்கமாகத் தடம் விழும்படி ஷிம் (மெல்லிய தகடு) வைத்து 460 ஊற்றினேன். நிலக்கடலை ஆட்டி முடித்ததும் பாக்ஸில் சில நொடி கை வைக்க முடிகிறது. முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டேன், புதுத் தடம் படியும்போது துகள் வரத்தான் செய்யும். அடுத்த வடிப்பில் மினுமினுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, பல்லில் கறுப்பு திரும்பவில்லை. பிஏஜி (பாலிஅல்கிலீன் கிளைக்கால்) சிந்தெடிக் ஆயில் இதைவிட நல்லது என்கிறார்கள், ஆனால் அது மினரலோடு சேராது, சில பெயின்ட்டையும் சீலையும் கெடுக்கும். பாக்ஸுக்குள் அடித்திருக்கும் பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கும்வரை 460-தான்.