கடைமடை நெல்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

நேற்று விடியற்காலை பாட்டா, அம்மாவின் அப்பா, போய்விட்டார். கொல்லம் ஆண்டு 1105 (ஆங்கிலக் கணக்கில் 1929) ஆவணியில் பிறந்தவர். 1200 தையில் கண்ணை மூடினார். வயதை அந்தக் கணக்கில்தான் சொல்வார். நமக்கு 95. "கல்யாணச் சாவு" என்றார்கள் துட்டிக்கு வந்தவர்கள். அம்மா மூன்று வயதுப் பிள்ளையைப் போல அழுதாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டின் கடைசி ஆள் திரும்பி வராமல் பாட்டா சாப்பிட்டதில்லை. மாமா நாகர்கோவிலிலிருந்து கடைசி பஸ்ஸில் வரும் நாட்களில், படிப்புரையில் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமா செருப்பைக் கழற்றிய பிறகுதான், "மக்களே, கஞ்சி எடு" என்று குரல் கொடுப்பார்.

இன்று அத்தை ஏழரைக்கே பரிமாறினாள். மாமா இன்னும் வரவில்லை. நாங்கள் பதினொரு பேரும் இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினாறு அடியந்திரம், பதினாறாம் நாள் காரியம். பாட்டாவோடு வயலில் நின்ற ஒரு பெரியவர் பழைய கதைகள் சொன்னார். 1956 நவம்பர் 1 அன்று இன்று குமரி மாவட்டமாக இருக்கும் நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, மூத்த மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் வரை நடந்தாராம் பாட்டா. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களெல்லாம் மலையாளத்தில் இருந்ததால், பின்னாட்களில் ஊரே அவரிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லுமாம். ஒரு காசு வாங்கியதில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அரங்கு என்னும் உள்ளறையிலிருந்த தகரப் பெட்டியை மாமா திறந்தார். வேட்டிகளுக்கு அடியில் ஒரு நீளக் கணக்குப் புத்தகம். இடப்பக்கம் புரட்டாசியில் அறுக்கும் கன்னிப்பூ, வலப்பக்கம் மாசியில் அறுக்கும் கும்பப்பூ; பூ என்றால் எங்களுக்கு நெல் போகம். ஒவ்வொரு பூவுக்கும் கீழே நான்கு பெண்மக்களின் பெயரும், கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன நெல்லின் அளவும். முதல் பக்கங்களில் கோட்டை, மரக்கால் என்று பழைய அளவுகள். பிறகு மூட்டை, கிலோ. ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை.

எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் தோவாளை சானலில் மேல்மடைகளையெல்லாம் நனைத்து முடித்த பிறகுதான் எங்களை எட்டும். எட்டாமல் போன வருடங்களும் உண்டு. அப்படி ஒரு பக்கத்தில், "தண்ணீர் வரவில்லை. பயிர் கருகியது. பிள்ளைகளுக்கு விலைக்கு வாங்கிக் கொடுத்தது" என்று எழுதியிருக்கிறார். அந்த நெல்லை அம்மா எங்கள் வயல் நெல் என்றே நினைத்து அவித்திருக்கிறாள். இன்றுதான் அவளுக்குத் தெரியும்.

பெரியம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் பெயருக்கு நேரேயும் அளவு விடாமல் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில், நடுங்கிய எழுத்தில்: 1200 கும்பப்பூ. நான்கு பெயர்களும் எழுதியிருக்கிறார். அளவு எழுதவில்லை.

மார்ச் 8, சனி

அறுவடை. திருப்பதிசாரம் 3 ரக நெல், நன்றாக விளைந்திருக்கிறது. இயந்திரம் மதியத்துக்குள் முடித்துவிட்டது. சுற்றிலும் பாதி வயல் பிளாட்டும் வாழையும் ஆகிவிட்டன.

மார்ச் 16, ஞாயிறு

மாமா தக்கலையில் எங்கள் வீட்டுக்கு நெல் மூட்டையோடு வந்தார். பெரியம்மா வீட்டில் இறக்கிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்.

பாட்டா கோணி ஊசியால் தைக்கும்போது, தூக்கப் பிடி கிடைக்கட்டும் என்று இரண்டு மூலையிலும் பூனைக்காது போல விட்டு இறுக்குவார். மாமாவும் விட்டிருந்தார், ஒரு காது பெரிது, ஒன்று சிறிது. அம்மா சணலை அறுக்கவில்லை. நகத்தால் நெருடி நெருடி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், அவசரப்படுத்தவில்லை.

பிறகு முழங்கை வரை நெல்லுக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினாள். "ஈரம் கொஞ்சம் இருக்கிறதே அண்ணா" என்றாள்.

நாளை முற்றத்தில் காயப்போட வேண்டும்.