கழுவிய காரும் ஹேண்ட் பிரேக்கும்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு முற்றம் காய்வதே இல்லை. போன ஆனியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், புளியரைப் பக்கம் போய்ச் சேறு அப்பிக்கொண்டு வந்த காரைக் கழுவினேன். சக்கரத்துக்குள்ளும் குழாயைக் காட்டி அடித்தேன். மேலே துடைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அம்மாவைப் புனலூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி முக்குகிறதே தவிர நகரவில்லை. ரிவர்ஸில் மெல்ல விட்டுப் பார்த்தேன். 'டக்'கென்று சத்தம். பின்பக்க இடது சக்கரம் விடுபட்டது, வலது விடவில்லை.

மெக்கானிக் தம்பி வந்து சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சக்கரத்தோடு சுற்றும் சட்டிபோன்ற டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி உருவினார். "உள்ள பாருங்கக்கா" என்றார். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிறை வடிவ பிரேக் ஷூ உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அச்சுக் குத்தியதுபோல் காவி நிறத்தில் இருந்தது. தொட்டால் விரலில் செம்பொடி. டிரம் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். ஹேண்ட் பிரேக், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங்கை டிரம்மின்மேல் அழுத்தியே வைத்திருப்பதால் நடுவில் மாட்டிய ஈரம் காயாது. அந்தத் துருதான் இரண்டையும் ஒட்டவைக்கிறது. முன்சக்கர பிரேக்கின் வட்டத் தகடான டிஸ்க்கிலும் துரு வரும், ஆனால் பெரும்பாலும் முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்து போய்விடும்.

இப்போதெல்லாம் கழுவியதும் நிறுத்துவதில்லை. ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பின்னால் யாரும் வராதபோது ஏழெட்டுத் தடவை பிரேக்கை லேசாக மிதிக்கிறேன். முதலில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். உரசுகிற சூட்டில் தண்ணீர் போனதும் பழைய பிடிப்பு வந்துவிடும், காலுக்கே தெரியும். அப்புறம் சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கிறேன். ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. சரிவில் நிறுத்தினால் மட்டும் கட்டாயம் போட்டாக வேண்டும்.

ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கி வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். சூடான டிஸ்க் கோணிக்கொள்ளலாம். ஒட்டாமல் இருக்க எண்ணெய் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லைனிங்கில் எண்ணெய் ஏறினால் பிரேக்கே பிடிக்காது.

அம்மாவை மறுநாள்தான் புனலூர் கூட்டிப்போனேன். இப்போது நான் வாளியை எடுத்தாலே, முருங்கை மரத்தடியில் கிடக்கும் இரண்டு கல்லையும் அம்மாதான் எடுத்துவந்து வைக்கிறார்.