எந்தப் பக்கத்தில் மாட்டுகிறார்கள்?

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடி அறை. பன்னிரண்டு கம்ப்யூட்டர், அதில் இரண்டு எப்போதும் ரிப்பேர். அங்கேதான் பல வருஷம் வெப் டிசைனிங் சொல்லிக்கொடுத்தேன். பாடம் நடத்துவதோடு, வகுப்புக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஒவ்வொரு ஜூனிலும் முடிவு செய்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

முதல் வருஷம் பொருளடக்கத்தைப் பார்த்தே மயங்கிவிட்டேன். எண்ணூறு பக்கம், பின் அட்டையில் ஒரு சிடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் இருந்தது, தெரியாததும் கொஞ்சம் இருந்தது. வேறென்ன வேண்டும்? வாங்கிப் போட்டாயிற்று.

முதல் நாளே வகுப்பில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'நோட்பேடில் எழுதி இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று சேமித்துத் திறக்கவும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார் நூலாசிரியர். (எச்டிஎம்எல் என்பது வெப் பக்கம் எழுதுகிற மொழி.) பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். பைலைத் திறந்தால் பக்கம் வரவில்லை, எழுதின எழுத்தே திரும்ப நோட்பேடில் வந்து நின்றது. நோட்பேட் தன் பங்குக்குப் பின்னால் ஒரு டாட் டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை நம் கண்ணில் காட்டாமல் மறைத்துவிடும். சேமிக்கும்போது 'ஆல் பைல்ஸ்' என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தான் மாட்டிக்கொண்ட நாளை அவர் மறந்திருப்பார். நானும் மறந்திருந்ததால்தான் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த வருஷத்திலிருந்து புத்தகத்தை நான் படித்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். பில் போடத் தெரியும், மெயில் பார்க்கத் தெரியும், எச்டிஎம்எல் என்றால் என்னவென்று தெரியாது. முதல் இரண்டு அத்தியாயம் அவர் செய்ய வேண்டும். நான் பக்கத்தில் பென்சிலோடு இருப்பேன். எங்கே கை நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி. வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் பெரும்பாடு.

நான் நினைத்தே பார்க்காத இடத்திலெல்லாம் புள்ளி விழுந்தது. ஒரு புத்தகத்தில் நீளமான வரி பக்க ஓரத்தில் இடம் போதாமல் உடைந்து, அச்சுக்கோத்தவர் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அக்கா அந்தக் கோட்டையும் சேர்த்து அடித்தார். இன்னொன்றில் எல் எழுத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தடித்த புத்தகம் கீபோர்டு பக்கத்தில் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். ஆத்தங்குடியிலிருந்து வந்த ஒரு பெண் வீட்டிலிருந்து மூலை உடைந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டாள். (அந்தக் கல் வகுப்பிலேயே தங்கிவிட்டது.)

தமிழ்ப் பரீட்சை தனி. 'உங்க பேரைத் தமிழில் அடிங்க' என்பேன். அக்கா அடித்துச் சேமித்து பிரவுசரில் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறி. பழைய நோட்பேட் ஆன்சி என்கிற பழைய எழுத்து முறையில் சேமிக்கும், தமிழ் அதில் நிற்காது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான், எல்லா மொழி எழுத்தையும் தாங்குகிற யுடிஎஃப்-8 முறை இயல்பாக அமைந்தது. அதுவரை அதை நாமே மாற்ற வேண்டியிருந்தது. பைல் யுடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலையிலும் எழுத வேண்டும். ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால் ஆங்கிலப் புத்தகங்கள் இதை ஒரு சடங்காக எழுதிக் கடந்துவிடும். நம் தமிழ்ப் புத்தகங்களாவது சொல்லும் என்று பார்த்தால், என் கையில் கிடைத்தவற்றில் பல, தமிழ் எழுத்துருவை ஃபாண்ட் டேக் என்கிற பழைய எச்டிஎம்எல் கட்டளையில் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தன. 1997-ல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே அந்த டேகை ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அந்த ஆத்தங்குடிப் பெண்ணுக்கு வீட்டுத் தொழிலே தரையில் பதிக்கிற டைல்ஸ் கல் போடுவதுதான். பழைய புத்தகம் ஒன்றில் டேபிள் வைத்துப் பக்கம் அமைக்கும் பாடம் இருந்தது. அவளுக்கு அது அல்வா. வரிசைக்கு நாலு கல், எட்டு வரிசை, வளவில் பதித்த மாதிரி ஒரே நாளில் முடித்துவிட்டாள். அவள் அப்பா போனில் திறந்து பார்த்தார்.

"என்னத்தா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?"

போனின் அகலத்துக்குத் தக்கபடி காட்டு என்கிற வியூபோர்ட் வரி அந்தப் புத்தகத்தில் இல்லை. போன் அதைப் பெரிய திரைப் பக்கமாக நினைத்துச் சுருக்கிக் காட்டிவிட்டது. அந்த வரியைச் சேர்த்தும் தீரவில்லை; டேபிளில் நாலு கல் என்றால் நாலுதான், இடமில்லாவிட்டாலும் கீழே இறங்காது. புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது, அது போன் காலத்துக்கு முந்தியது. வாங்கிய என்னைத்தான் சொல்ல வேண்டும். கட்டம் கட்டமாக அடுக்கவும், இடமில்லாவிட்டால் கீழே இறக்கவும் தெரிந்த சிஎஸ்எஸ் கிரிட்டை 2017-ல் பிரவுசர்கள் ஏற்றுக்கொண்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவள்தான்.

அவள் கேட்ட ஒரு கேள்வியும் மறக்கவில்லை. "மிஸ், முதல்ல எலும்புக்கூடு, கலரெல்லாம் கடைசியிலன்னு இந்தப் புக்குல போட்டிருக்கு. எங்க வீட்டுல கல்லோட முகத்தைத்தானே முதல்ல செய்வோம்?" உண்மைதான். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். 'ஏன் இந்த வரிசை' என்று சொல்கிற புத்தகம் எது என்று அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். அதிகம் கிடைக்கவில்லை.

வேலையை விடும்போது அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய புத்தகங்களோடு துண்டு நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்த ரோஜா முத்தையாவின் கோட்டையூர் பக்கத்தில்தான் இருக்கிறது. எடைக்குப் போட மனசு உறுத்தியது. போட்டேன். இருநூறு பக்கத்துக்குள் அடங்கிய ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா உட்கார்ந்து செய்தது. மொத்தம் ஆறே புள்ளி. ஐந்தாவது புள்ளிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே, 'இங்க டீ குடிக்கப் போனேன், இது கணக்கில் வராது.'